ரவுண்டானாவைப் பெருசாக்கினா விபத்து குறையுமா?

நால்ரோட்டான் | 3.8.2024, இரவு 9.12
மாநில நெடுஞ்சாலையும் சந்தை ரோடும் வெட்டிக்கிற இடம். நாலு பக்கமும் 7 மீட்டர் தார், ரெண்டு ஓரமும் 2 மீட்டர் மண். சந்திப்பு ஓரத்துக்கு ஓரம் 40 மீட்டர். நடுவுல 8 மீட்டர் குறுக்களவுல ஒரு வட்டம், அதுல ஹைமாஸ்ட் விளக்கு. சிக்னல் கிடையாது. ரவுண்டானா வந்த பிறகும் மோதல் குறையலை. ராத்திரியில பைக் வட்டத்து மேலேயே ஏறுது. ரவுண்டானா சின்னது, அதான் பிரச்சினை. பக்கத்து நிலத்தை எடுத்து 60 மீட்டர் ஆக்கணும்னு நான் சொல்றேன். மறுக்கிறவங்க காரணத்தோட வாங்க.

கெர்ப்கல் | 3.8.2024, இரவு 10.40
மறுக்கிறேன். நிலம் எடுக்க வேண்டாம். உங்க கையில இருக்கிற 40 மீட்டரே போதும்.

கணக்கு பாருங்க. 40-ல் 8 போனால் 32; பாதி 16. வட்டத்தைச் சுற்றி 16 மீட்டர் அகலத் தார் கிடக்கிறது. நாலு லாரி ஒட்டி ஒட்டிப் போகலாம். நேரே போகிறவன் திரும்பவே தேவையில்லை. வண்டியின் நடுக்கோட்டுக்கும் ஓரத்துக்கும் (மண்ணையும் சேர்த்து) 1.5 மீட்டர் விட்டு வரைந்தால், சந்திப்புக்குள் நுழையும்போது சாலை நடுவிலிருந்து 4 மீட்டர் இடப்பக்கம் இருப்பான். வட்டத்தைத் தாண்டும்போது 5.5 மீட்டரில் இருப்பான். 20 மீட்டர் ஓட்டத்தில் ஒன்றரை மீட்டர் விலகல். அந்த வில்லின் ஆரம் 134 மீட்டர். அதில் மணிக்கு 50-ஐத் தாண்டிச் சாதாரணமாகப் போகலாம். பிரேக்கில் கால் வைக்க ஒரு காரணமும் இல்லை.

வட்டம் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. வண்டி நுழையும் இடத்தில் அதை வளைக்கிறோமா என்பதுதான் கேள்வி. நீங்க சொன்னது ரவுண்டானா இல்லை, நடுவில் விளக்குக் கம்பம் நட்ட நாற்சந்தி.

நால்ரோட்டான் | 4.8.2024, காலை 7.05
வளைச்சா மட்டும் மோதல் எப்படிக் குறையும்? அதே வண்டிகள்தானே.

கெர்ப்கல் | 4.8.2024, காலை 8.20
ரெண்டு காரணம். ஒன்று கோணம். சாதாரண நாற்சந்தியில் வண்டியும் வண்டியும் முட்டக்கூடிய புள்ளிகள் 32. அதில் 16 குறுக்கே வெட்டும் புள்ளிகள், அதாவது விலாவில் இடிப்பது. ஆளைக் கொல்வது அதுதான். ஒற்றை லேன் ரவுண்டானாவில் மொத்தமே 8: நாலு சேரும் புள்ளி, நாலு பிரியும் புள்ளி. வெட்டும் புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. உரசல் நடக்கும், விலாவில் இடி நடக்காது.

இரண்டாவது வேகம். 50-ல் போகும் வண்டியின் இயக்க ஆற்றல் 30-ல் போவதைப்போல் 2.8 மடங்கு. அமெரிக்காவில் ஸ்டாப் பலகையும் சிக்னலும் இருந்த 24 சந்திப்புகளை ரவுண்டானாவாக மாற்றி முன்-பின் கணக்கெடுத்தார்கள். மொத்த மோதல் சுமார் 40 விழுக்காடு குறைந்தது, காயம் பட்ட மோதல் 76 விழுக்காடு, இறப்பும் படுமோசமான காயமும் சுமார் 90. இந்த மூன்று எண்ணும் ஏறும் வரிசையைப் பாருங்க. எண்ணிக்கையைவிடக் கொடுமைதான் அதிகம் குறைகிறது. பம்பர் நசுங்கல் கணக்கை வைத்து 'ரவுண்டானா வீண்' என்று சொல்கிறவர்கள் தவறான பத்தியைப் படிக்கிறார்கள்.

பிசியு | 4.8.2024, பகல் 1.30
மேலே உள்ள 8 புள்ளி ஒற்றை லேனுக்கு மட்டும். ரெட்டை லேனில் உள்வட்டத்திலிருந்து வெளியேறுபவன் வெளிவட்டத்தில் சுற்றுபவனை வெட்டுவான். லேனைச் சரியாகப் பிரிக்காத ரெட்டை லேன் ரவுண்டானாவில் உரசல் கூடத்தான் செய்யும்.

கெர்ப்கல் | 4.8.2024, பகல் 2.15
ஆமாம். அதனால்தான் இவருக்கு ஒற்றை லேன் போதும் என்கிறேன். லேன் கதைக்கு அப்புறம் வருவோம்.

கெர்ப்கல் | 4.8.2024, இரவு 9.50
வேகத்தை வரைபடத்திலேயே எப்படிப் பார்ப்பது என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். எல்லோருக்கும் பயன்படும், இங்கேயே போடுகிறேன்.

1-க்கு 200 அளவில் வரைபடம் எடுங்க. எதிரே, பக்கத்தில் வண்டியே இல்லை, லேன் கோட்டையும் மதிக்கவில்லை, முடிந்தவரை நேராகப் போகிறான் என்று வையுங்க. அவனுடைய நடுக்கோடு கெர்ப் கல்லிலிருந்து (சாலையோர விளிம்புக் கல்) 1.5 மீட்டர், சாலையின் நடுக்கோட்டிலிருந்து 1.5 மீட்டர், வெறும் பெயின்ட் ஓரக்கோடு என்றால் 1 மீட்டர் தள்ளி. இந்த வரம்புக்குள் கையால் வழுவழுப்பாக ஒரு கோடு இழுங்க. முதலில் பென்சில், அப்புறம்தான் கணினி. கணினியில் நேரடியாக வில்லைப் பொருத்தினால் மனுசன் ஓட்டாத பாதையெல்லாம் வரும். அந்தக் கோட்டில் மிக இறுக்கமான இடத்தின் ஆரத்தை அளங்க. நுழையும் இடத்தில் ஒன்று, நடுத்திட்டைச் சுற்றும் இடத்தில் ஒன்று, வெளியேறும் இடத்தில் ஒன்று.

நுழைவு வளைவுக்கு ஆரத்தை 0.3861 அடுக்குக்கு ஏற்றி 8.76-ஆல் பெருக்கினால் கி.மீ. வேகம். சுற்றும் வளைவில் தளம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். அங்கே அடுக்கு 0.3673, பெருக்க 8.62. ஆரம் 30 என்றால் நுழைவு வேகம் சுமார் 33. ஆரம் 60 என்றால் 43. ஆரம் 100 என்றால் 52. ஒற்றை லேனுக்கு 30 முதல் 40-க்குள் நிறுத்துங்க. அடுத்தடுத்த இரண்டு வளைவுகளுக்கு நடுவே 20-க்கு மேல் வித்தியாசம் வந்தால் நடுத்திட்டில் ஏறுவது, கவிழ்வது எல்லாம் அங்கேதான். இவர் ஊர் பைக் ராத்திரியில் ஏறுவதும் இதனால்தான். சாலை 60-ல் போகச் சொல்கிறது, வட்டம் திடீரென்று எதிரே நிற்கிறது.

இடது பக்கம் ஓட்டும் நமக்கு நுழைவு வளைவு இடப்பக்கம். நுழைவாய்க் கெர்ப்பின் ஆரம் 15 முதல் 30 மீட்டர். 12-க்குக் கீழே போனால் லாரி பின்சக்கரம் கெர்ப்பை உடைக்கும்.

பின்சீட்டு | 5.8.2024, காலை 6.40
வெளிப்பக்கம் சாய்வா? வளைவில் உள்பக்கம்தானே சாய்க்கணும்? இல்லாட்டி வண்டி வெளியே தள்ளுமே.

கெர்ப்கல் | 5.8.2024, காலை 7.30
நெடுஞ்சாலை வளைவில் உள்பக்கம். இங்கே 2 விழுக்காடு வெளிப்பக்கம். வேகம் 25, தள்ள ஒன்றுமில்லை. சாய்வு சாதகமாக இல்லாததால் ஓட்டுபவர் தானே மெதுவாகப் போவார். நடுத்திட்டு கொஞ்சம் மேடாகத் தெரியும். மழைநீர் வெளி ஓரத்து வடிகாலுக்குப் போய்விடும், நடுவில் குழி தோண்டி ரோட்டுக்கு அடியில் குழாய் போட வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: வடிகால் வாயை நடைபாதைக் கடவைக்கு மேட்டுப்பக்கம் வையுங்க. கடவையிலேயே வைத்தால் மழைக்காலத்தில் ஜனம் அதைத் தாண்டி ரோட்டில்தான் நடக்கும்.

நால்ரோட்டான் | 5.8.2024, இரவு 8.55
சரி, அகலத்தைக் குறைச்சா டிரெய்லர் எப்படித் திரும்பும்? எங்க பக்கம் காற்றாலை இறக்கை ஏத்தின வண்டியெல்லாம் வரும்.

கெர்ப்கல் | 5.8.2024, இரவு 11.10
இதற்குத்தான் ஏப்ரன். நடுத்திட்டைச் சுற்றி ஒரு வளையம், லாரியின் பின்சக்கரம் மட்டும் ஏறிப் போக. கார் ஏறக் கூசும், லாரி ஏறத் தயங்காது. அந்த உயரம்தான் சூட்சுமம். வெளி விளிம்பு ரோட்டிலிருந்து 50 முதல் 75 மில்லி, சாய்ந்த முகம். 25 மில்லி வைத்தால் ஆட்டோவும் காரும் அதிலேயே ஓடும், வளைவு போச்சு. 150 வைத்தால் டிரெய்லர் டயர் கிழியும், பைக் இடறும். மேலே கான்கிரீட் அல்லது கருங்கல் பதிப்பு. ரோட்டின் நிறமும் வேண்டாம், நடைபாதையின் நிறமும் வேண்டாம். நடைபாதை மாதிரி இருந்தால் ஜனம் அங்கே நிற்கும். பேவர் பிளாக் மணல் மேல் வெறுமனே அடுக்கினால் முதல் மழைக்கே பெயரும். லாரிச் சுமை தாங்கும் அடித்தளம் கட்டாயம்.

உங்க சந்திப்புக்கு: வெளி வட்டம் 40 அப்படியே. நடுத்திட்டு 21 மீட்டர். சுற்றிலும் ஏப்ரன் 3.5. ஆக 28. மீதம் 12, பாதி 6 மீட்டர் சுற்றுப்பாதை. 12 மீட்டர் பேருந்து இந்த வட்டத்தில் சுமார் 4.5 மீட்டர் அகலம் எடுக்கும், ஏப்ரன் ஏறாமலே போகும். பேருந்து ஏறக் கூடாது, உள்ளே நிற்கிறவங்க விழுவாங்க. டிரெய்லர் ஏறலாம். நுழைவாய் அகலம் 4.5. சுற்றும் ஆரம் 15.5 வரும், வேகம் 24.

நீங்க கேட்ட 'பெரிசு' இதில் பாதி இருக்கிறது: நடுத்திட்டு பெரிதாகிறது, ரவுண்டானா பெரிதாகவில்லை.

காற்றாலை இறக்கை தினமும் வராது. நுழைவில் கழற்றி மாட்டும் பலகைக் கம்பம், நடுத்திட்டின் குறுக்கே ஒரு கான்கிரீட் தடம், அதற்குச் சங்கிலி. அந்த ஒரு வண்டிக்காக மற்ற எல்லா வண்டிக்கும் ரோட்டை விரிக்காதீங்க.

பிசியு | 6.8.2024, காலை 10.05
பெரிய வட்டம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஐஆர்சி 65, அதாவது இந்தியச் சாலைக் காங்கிரஸின் ரவுண்டானா வழிகாட்டி, 1976 பதிப்பு. அதில் ரோட்டரி என்பது வண்டிகள் ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் இடம். பின்னலுக்கு நீளம் வேண்டும்: 30 கி.மீ. வேகத்துக்குக் குறைந்தது 30 மீட்டர், 40-க்கு 45 மீட்டர். நாலு பக்கமும் 45 வைத்தால் வட்டம் தானே வீங்கும். சூத்திரத்திலும் பின்னல் நீளம் கூடக் கூடக் கொள்ளளவு (மணிக்கு எத்தனை வண்டி போகலாம் என்பது) கூடும். பிரிட்டனின் வார்ட்ராப் சூத்திரத்தின் வழிவந்தது அது.

ஆனால் பிரிட்டனே 1966 நவம்பரில் விதியை மாற்றிவிட்டது: உள்ளே சுற்றுபவனுக்கே முன்னுரிமை, நுழைபவன் நின்று போகணும். அந்நாட்டுச் சாலை ஆய்வுக்கூடத்து ஃபிராங்க் பிளாக்மோர் இந்த மாற்றத்தின் பின்னால் இருந்தவர்களில் ஒருவர். அதற்கு முன் பெரிய வட்டத்தில் நுழைபவனும் சுற்றுபவனும் முட்டிக்கொண்டு மொத்தமும் பூட்டிக்கொள்ளும். விதி மாறியதும் பின்னல் நீளம் தேவையற்றுப் போனது, வட்டம் சுருங்கியது. 1969-ல் பீட்டர்பரோவில் மினி ரவுண்டானா. நம் ஐஆர்சி 65-ம் 2017-ல் திருத்தி வந்துவிட்டது. பல அலுவலக அலமாரியில் இன்னும் பழையதுதான் தூசி தட்டப்படுகிறது.

பின்சீட்டு | 6.8.2024, காலை 10.50
நம்ம ஊர்ல அந்த விதி யாருக்குத் தெரியும்? ஹார்ன் அடிச்சவனுக்குத்தான் முன்னுரிமை.

கெர்ப்கல் | 6.8.2024, மாலை 6.25
2017 வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறையிலேயே உள்ளே இருப்பவருக்கு முன்னுரிமை என்று இருக்கிறது. தெரியாது என்பதும் உண்மை. அதனால் விதியை நம்பி வரையாமல் கல்லை நம்பி வரையணும். நுழைவு வேகம் 30, சுற்றும் வேகம் 24 என்றால் விதி தெரியாதவனும் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்க நேரம் கிடைக்கும். 60-ல் வந்தால் விதி தெரிந்தவனும் நிற்க முடியாது. கூடவே செய்ய வேண்டியது: தலைகீழ் முக்கோண 'வழிவிடு' பலகை இரண்டு பக்கமும், நுழைவாயில் குறுக்கே வழிவிடு கோடு, தெர்மோபிளாஸ்டிக்கில் (சூடாக்கி உருக்கிப் போடும் சாலைக்குறிப் பூச்சு). சாதா பெயின்டில் போட்டால் டயர் தேய்த்தே போய்விடும்.

பின்சீட்டு | 6.8.2024, மாலை 6.40
முகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறதா? ஹெல்மெட் போட்டிருந்தா?

கெர்ப்கல் | 6.8.2024, மாலை 6.44
போட்டிருந்தால் சந்தோஷம்.

கெர்ப்கல் | 8.8.2024, இரவு 9.30
பிரிப்புத் திட்டைச் சொல்லாமல் விட்டேன். நம் ஊரில் முதலில் வெட்டப்படும் செலவு அதுதான், பெரும்பாலும் இரண்டு டிரம், ஒரு பேரிகேட்டோடு முடிந்துவிடும். ஒவ்வொரு கையிலும் (சந்திப்பில் வந்து சேரும் சாலை) வரும் பாதைக்கும் போகும் பாதைக்கும் நடுவில் முக்கோணத் திட்டு. குறைந்தது 15 மீட்டர் நீளம், முடிந்தால் 30. நெடுஞ்சாலைக் கைக்கு 60 மீட்டர்வரை நீட்டுங்க. வட்டம் கண்ணில் படுவதற்கு முன்பே ரோடு ஒடுங்குவது கண்ணில் படணும். இது இல்லாவிட்டால் வலப்பக்கம் திரும்ப வேண்டிய பைக்காரர் வட்டத்தைச் சுற்றாமல் எதிர்ப்பக்கமாகவே புகுந்துவிடுவார். நேருக்கு நேர் மோதல் அப்படித்தான்.

நடந்து போகிறவர்களுக்கும் இதுதான் உயிர். கடவை வழிவிடு கோட்டிலிருந்து ஒரு கார் நீளம் பின்னால், 6 மீட்டரில். முன்னால் நிற்கும் கார் வலப்பக்கம் இடைவெளி பார்க்கும்போது ஜனம் அதன் பின்னால் கடக்கும். திட்டு அந்த இடத்தில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம், தரைமட்டத்தில் வெட்டு, தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் நிற்கிற மாதிரி. ஒரு தடவைக்கு ஒரு திசை வண்டியைப் பார்த்தால் போதும். கடவையை 75 முதல் 100 மில்லி உயர்த்தி மேடையாக்கினால் இன்னும் நல்லது.

பேருந்து நிறுத்தம் வெளியேறும் வாயிலில் வேண்டவே வேண்டாம். ஒரு பேருந்து நின்றால் பின்னால் வால் வட்டத்துக்குள் போகும், நாலு கையும் பூட்டிக்கொள்ளும். ரவுண்டானா அடைத்துக்கொள்வது பெரும்பாலும் உள்ளே கூட்டம் என்பதால் இல்லை, வெளியே போக வழியில்லாததால். கடவையைத் தாண்டி 30, 40 மீட்டர் தள்ளி வையுங்க. இளநீர் வண்டியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நால்ரோட்டான் | 9.8.2024, காலை 6.15
ஃப்ரீ லெஃப்ட், அதான் நிக்காம இடப்பக்கம் திரும்புற தனிப்பாதை, இருக்கே, அதை வெச்சுக்கலாமா?

கெர்ப்கல் | 9.8.2024, காலை 6.50
மூடுங்க.

நால்ரோட்டான் | 9.8.2024, இரவு 9.20
காரணம்?

கெர்ப்கல் | 9.8.2024, இரவு 9.55
அந்த ஒரு பாதையில் மட்டும் வேகம் குறையாது, அதைத்தான் நடக்கிறவர் முதலில் கடக்கணும். சேரும் இடத்தில் வட்டத்திலிருந்து வெளியேறும் வண்டியோடு சாய்வாக முட்டும். இடப்பக்கம் திரும்புபவர் எப்படியும் கால் வட்டம்தான் போகிறார். யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

பிசியு | 11.8.2024, பகல் 12.20
கொள்ளளவைப் பற்றி யாரும் பேசவில்லையே. 4.5 மீட்டர் வாயில் போதுமா?

கெர்ப்கல் | 11.8.2024, பகல் 3.40
அமெரிக்கக் கொள்ளளவுக் கையேட்டின் ஆறாம் பதிப்பு வளைகோட்டின்படி, உங்க வாயில் முன்னால் மணிக்கு 500 கார் சுற்றினால் ஒற்றை லேன் வாயில் சுமார் 830 கார் நுழையலாம். 900 சுற்றினால் 550. நாலு கையும் சேர்த்து நாளுக்கு 25,000 வரை ஒற்றை லேன் தாங்கும் என்பது பொதுவான முதல் கணிப்பு. ஆனால் இது கார் நாட்டுக் கணக்கு. நம் வரிசையில் பாதிக்கு மேல் பைக், 4.5 மீட்டரில் இரண்டு பைக் சேர்ந்து நுழையும். உச்ச நேர எண்ணிக்கையைக் கையால் எடுங்க, காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம், ஒவ்வொரு கையிலிருந்தும் எந்தக் கைக்கு என்று பிரித்து. அது இல்லாமல் லேன் கூட்டாதீங்க. தேவைக்கு மேல் ஒரு லேன் போட்டால் மீதி நேரமெல்லாம் அது வேகப் பாதை.

பின்சீட்டு | 11.8.2024, இரவு 8.10
நெதர்லாந்தில் டர்போ ரவுண்டானானு ஒன்று, லேனுக்கு நடுவே கல் வைத்துப் பிரிக்கிறாங்களே, அது?

கெர்ப்கல் | 11.8.2024, இரவு 10.00
அந்நாட்டுப் பொறியாளர் ஃபோர்ட்டுய்ன் 1990-களில் வரைந்தது. நுழையும் முன்பே லேனைத் தேர்ந்தெடுக்கணும், உள்ளே மாற முடியாது. கார் கூட்டத்துக்கு அருமை. ஆனால் அந்தத் தாழ்வான பிரிப்புக் கல் பைக் சக்கரத்துக்கு ஆகாது, அதுவும் இரவு மழையில். அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதை இருக்கிறது, பைக்கும் சொற்பம். இங்கே கொண்டுவந்தால் விபத்தை விலை கொடுத்து வாங்குவது.

பிரிட்டனின் ஸ்விண்டனில் 1972-ல் ஐந்து மினி ரவுண்டானாவைச் சுற்றி வைத்து, நடுவில் எதிர்த்திசையில் சுற்றும் வட்டம் ஒன்று வைத்தார்கள், இன்றும் ஓடுகிறது. அதையும் யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.

நால்ரோட்டான் | 14.8.2024, இரவு 9.05
நிதி வராதுங்கிறாங்க. முதல்ல மணல் மூட்டை வெச்சுப் பார்க்கலாம்னு காவல்துறையில சொல்றாங்க. நடுத்திட்டுல ஒரு தலைவர் சிலையும் வைக்கணுமாம்.

கெர்ப்கல் | 14.8.2024, இரவு 11.25
சோதனை நல்ல யோசனை, மணல் மூட்டை மோசம். வெயிலில் சாக்கு மக்கிக் கிழியும், மணல் கொட்டும், வளைவில் மணல் மேல் பைக் சறுக்கும். தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக் தடுப்பு கிடைத்தால் அது. இல்லையென்றால் ரப்பர் அடிப்பாகம் கொண்ட கூம்பு.

நடு ஆணியில் கயிறு கட்டி, ஏப்ரனின் வெளி விளிம்பு வரும் 14 மீட்டரில் சுண்ணாம்புத் தூளால் வட்டம் போடுங்க, சுற்றளவு 88 மீட்டர். ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என்றால் 59 கூம்பு. கையிருப்பு 15 வேண்டும், உடையும். பிரிப்புத் திட்டுக்கு ஒரு கைக்கு 20. நுழைவாய் இடப்பக்கம் ஓரத்தை உள்ளே இழுப்பதற்கும் தனியாக வையுங்க. வட்டத்தை மட்டும் வைத்து ஓரத்தை விட்டால் பழைய கதைதான். முதலில் ஒரு பேருந்தையும் ஒரு டிரெய்லரையும் நாலு பக்கமும் திருப்பிப் பாருங்க, எந்தக் கூம்பு விழுகிறதோ அதை நகர்த்துங்க. தூசி படிந்த தாரில் டயர்த் தடம் நன்றாகத் தெரியும். யாரும் ஓடாத இடத்தில் தூசி அப்படியே கிடக்கும். அந்த இடமெல்லாம் நாளைக்குக் கெர்ப் வைக்கும் இடம். ரெண்டு வாரம் விடுங்க, இரவில் கூம்பில் பிரதிபலிப்புப் பட்டை இல்லாமல் ஒரு நாளும் விடாதீங்க.

சிலை: பொதுச்சாலையில் சிலை வைக்க அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டுங்க. வரைபடக் காரணமும் உண்டு: பீடம் என்பது கருங்கல் சுவர், வழி தவறிய பைக்காரர் மோதும் இடம். மாலை போட வருகிறவர்கள் சுற்றுப்பாதையைக் கால்நடையாகக் கடப்பார்கள். நடுத்திட்டில் மண்மேடு போதும், 1-க்கு 6-ஐத் தாண்டாத சரிவு, வெளி 2 மீட்டரில் புல் மட்டும். மேடு எதிர்ப்பக்க ரோட்டை மறைக்கணும். அது நேரே தெரிந்தால் ரோடு தொடர்கிறது என்று நினைத்து வருவார்கள். ஆனால் வலப்பக்கம் சுற்றி வரும் வண்டி 35 மீட்டர்வரை தெரியணும்.

பிசியு | 15.8.2024, காலை 9.15
அப்போ ஹைமாஸ்ட்?

கெர்ப்கல் | 15.8.2024, காலை 11.00
எடுக்கணும். நடுவில் ஒரே வெளிச்சம் என்றால் கடவையில் நிற்கும் ஆள் பின்வெளிச்சத்தில் கருநிழலாகத்தான் தெரிவார். கம்பங்களை வெளி ஓரத்தில், ஒவ்வொரு வாயிலிலும் கடவைக்குச் சற்று முன்னால், வண்டி வரும் பக்கம் நடுங்க. ஆளின் முன்பக்கம் வெளிச்சம் படும். எடுக்க முடியாத நிலைமை என்றால் விளக்கு இருக்கட்டும், கம்பத்தடியை மண்மேட்டுக்குள் வையுங்க, நடுத்திட்டு விளிம்பில் ஒவ்வொரு நுழைவாய்க்கும் எதிரே அம்புக்குறிப் பலகை.

நால்ரோட்டான் | 15.8.2024, இரவு 10.30
கூம்புக்குச் சொல்லியாச்சு. 154 கேட்டேன், 60 தர்றாங்களாம்.

கெர்ப்கல் | 15.8.2024, இரவு 10.42
60 என்றால் நடுவட்டத்துக்கு 25 போதும், இடைவெளி மூன்றரை மீட்டராக இருக்கட்டும், நடுவே சுண்ணாம்புக் கோடு. மீதி 35-ஐ நெடுஞ்சாலையின் இரண்டு கைக்கும் கொடுங்க: நுழைவாய் ஓரத்துக்குப் பத்துப் பத்து, பிரிப்புத் திட்டுக்கு ஏழு ஏழு, ஒன்று கையிருப்பு. சந்தை ரோட்டில் வேகம் ஏற்கெனவே குறைவு, அதை அப்புறம் பார்த்துக்கலாம்.